எந்த வகுப்பு முதலில்?

கரவெட்டியில் எமது அயலிலே ஒரு சிறுமி இருக்கிறாள். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் புதுச் சீருடையுடன் முதலாந் தரத்திற்குப் போனாள். மூன்று மாதம் நிறையுமுன், மார்ச் 13ஆந் திகதி முதல், கொரோனா நோயின் பொருட்டு இலங்கையெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன.

மீண்டும் எப்பொழுது திறப்பது? அவ்வாண்டு யூலையில் அரசாங்கம் கண்ட விடை, 5ஆம், 11ஆம், 13ஆந் தரங்கள் முதலில் என்பது. பரீட்சை எழுதுவோர் அன்றோ! பெற்றோரும் அதையே விரும்பினர். நாமும் அன்று அதை நியாயம் என்றே கருதினோம். இன்று எண்ணிப் பார்க்கையில் அது பிழையென்று தோன்றுகிறது.

பதின்மூன்றாந் தரத்து மாணவன் நூலை விரித்துத் தானே படிப்பான். கைத்தொலைபேசியில் வரும் பாடத்தையும் ஒருவாறு விளங்கிக்கொள்வான். ஆறு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. ஆசிரியை அருகில் இருந்து, விரலைப் பிடித்து, 'இ'யன்னாவைச் சுழித்துக் காட்டவேண்டும். தொலைபேசி விரலைப் பிடிக்குமா? அச்சிறுமியின் வீட்டிலோ பிள்ளைகள் மூவர், தொலைபேசி ஒன்று. காலையில் அது தகப்பனாருடன் தோட்டத்திற்குப் போய்விடும். மாலையில் மூத்தவன் கைக்கு மாறும். அவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை. அவன் வைத்த பிறகுதான் இவளுக்கு. அதற்குள் அவள் உறங்கிவிடுவாள்.

நிற்க, நோய்க்கு அஞ்சியது வீண் அச்சமன்று. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இலேசாகவே கண்டது. ஆயினும் பேரனும் பாட்டியும் ஒரே பாயில் படுக்கும் வீடுகள் இங்கே பல. 2021 ஏப்பிரல் இறுதியில் நோய் பெருகியபோது பாடசாலைகளை மீண்டும் மூடியதை நாம் குறை கூறோம். ஆயிரக்கணக்கானோர் நெருங்கும் நகரக் கல்லூரியையும், ஒழுங்கையால் நடந்துவரும் 80 பிள்ளைகளின் ஊர்ப் பள்ளியையும் மாதக்கணக்கில் ஒரே பூட்டால் பூட்டி வைத்ததே எமது குறை. மூடிய அறையில் பரவும் நோய்க்கு வேம்பின் நிழல் நல்ல வகுப்பறை. 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து வந்தபோது மரநிழலிலும் கொட்டிலிலும் பாடம் நடத்தியவர்கள் நம்மவர்கள். அந்த அனுபவத்தை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் 2021 ஒக்டோபர் 21ஆந் திகதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் முதலில் திறந்தன. மேல் வகுப்புகளின் முறை நவம்பரில் வந்தது. இந்த ஒழுங்கை ஓராண்டுக்கு முன்னரே கண்டிருக்கலாகாதா? சம்பள முரண்பாட்டிற்காக யூலை முதல் கற்பித்தலை நிறுத்தியிருந்த ஆசிரியர் சங்கங்கள் 25ஆந் திகதிதான் பணிக்குத் திரும்பின. அவர்கள் வழக்கு வேறு. அதை இன்னொரு ஞாயிறு பேசுவோம்.

அன்று அச்சிறுமியும் போனாள், இரண்டாந் தரத்திற்கு. முதலாண்டுச் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இடையிடையே திறந்தும் மூடியும் கற்ற எழுத்துகளில் பாதி அவளிடம் இல்லை. ஆசிரியை பெயரை எழுதச் சொன்னாராம். ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் புதுக் கொப்பியை விரித்து, கையைப் பிடித்து, 'அ'னாவிலிருந்து தொடங்கினாராம்.