பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். கேள்வியை யார் கேட்பது?



ஹேவ்லாக்கில் இப்போதெல்லாம் பொழுது புலரும் முன்பே சாலையில் காலடிச் சத்தம் கேட்கிறது. ப்ளஸ் டூ முடித்த பையன்கள் அக்னிவீர் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். வங்காளிப் பையன், தெலுங்குப் பையன், நம் பையன் என்ற பேதமில்லை. சுற்றுலா சீசன் ஓய்ந்தால் ஓட்டலிலும் வேலையில்லை, படகிலும் வேலையில்லை. சர்க்கார் உத்தியோகம் என்றால் கப்பலேறி போர்ட் பிளேர் போய் (2024 முதல் அது ஸ்ரீ விஜயபுரம், நமக்கு வாயில் வர இன்னும் கொஞ்ச நாளாகும்) விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே பட்டாளத்து எண்ணம் வருவதில் வியப்பில்லை.

கோவிந்த் நகர் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம், என்னிடம் கேட்டார்: "சார், நாலு வருஷம்னு சொல்றாங்களே, அதுக்கப்புறம் இவன் பட்டாளத்துக்காரனா, இல்லையா?" நான் ரயில்வேக்காரன், எனக்கும் இராணுவத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் படித்துப் பார்த்துப் பதில் சொன்னேன். நூறு பேரில் இருபத்தைந்து பேர் பட்டாளத்தில் நீடிக்கலாம். மற்ற எழுபத்தைந்து பேர் வெளியே வந்துவிட வேண்டும். அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. கையில் 'சேவா நிதி' என்று வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் வரும். அதில் பாதி பையனின் சம்பளத்திலிருந்து பிடித்த பணம்.

நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இதையெல்லாம் யாரும் கேக்கலையா?" என்றார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கேட்க வேண்டிய இடம் பாராளுமன்றம். அக்னிபத் திட்டம் 2022ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி அறிவிக்கப்பட்டபோது பாராளுமன்றம் கூடியிருக்கவில்லை. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 18இல்தான் தொடங்கியது. மசோதா எதுவும் வரவில்லை. நிர்வாக உத்தரவாகவே திட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த ஆள்சேர்ப்பு முறை, சிப்பாய் பதினைந்து ஆண்டு பணி செய்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பும் முறை, ஒரே நாளில் மாறிவிட்டது.

அதன்பின் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ரயில்களுக்குத் தீ வைத்தார்கள். ஜூன் 17ஆம் தேதி செகந்திராபாத் நிலையத்தில் பெட்டிகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்தக் கலவரத்தில் ரயில்வே சொத்துக்கு ஏற்பட்ட சேதம் 259 கோடி ரூபாய்க்கு மேல் என்று ரயில்வே அமைச்சரே மாநிலங்களவையில் பதில் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டு தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் நான். ஒரு பெட்டி எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்தால் சொந்த வீடு எரிவது போலிருக்கும். தீ வைத்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொரோனாவினால் இரண்டு ஆண்டுகள் இராணுவ ஆள்சேர்ப்பு நடக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டும் ஓடிப் பழகிக் காத்திருந்த பையன்களுக்கு, உச்ச வயது 21 என்ற அறிவிப்பு வந்ததும் வாசல் அடைபட்டுவிட்டது. கலவரம் மூண்டபின், இரண்டே நாளில், அந்த ஆண்டுக்கு மட்டும் 23 என்று உயர்த்தினார்கள். பீகாரிலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வந்த ஓர் உறுப்பினர் ஒரு குழு அறையில் உட்கார்ந்திருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டிருப்பார்: "இரண்டு வருடம் ஆளெடுக்கவில்லையே, வயது தாண்டியவன் கதி என்ன?" அந்தக் கேள்வி ஓர் அறையில் எழாததால் பிளாட்பாரத்தில் எழுந்தது.

அப்படியோர் அறை இல்லாமலில்லை. 1993 முதல் பாதுகாப்புத் துறைக்கென்று பாராளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், எல்லாக் கட்சியினரும் உண்டு. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். அறிக்கை மட்டும் அவையில் வைக்கப்படும். "இராணுவ விஷயத்தைச் சந்தைக்குக் கொண்டுவரலாமா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு இதுவே பதில். இரகசியம் காக்கவும் கேள்வி கேட்கவும் சேர்ந்தே வழி செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது குறைதான். ஆனால் ஏற்கிறதா இல்லையா என்று அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் குழு பயனற்றது என்று சொல்வோரும் உண்டு. நான் ஒப்பமாட்டேன். பணியில் இறக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, மற்ற நிலுவைகள் என்று ஒரு கோடியளவில் கிடைக்கும். ஆனால் வழக்கமான சிப்பாய் குடும்பத்துக்குக் கிடைப்பது போல் மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ஒரே பள்ளத்தில் ஒரே கண்ணிவெடியில் இருவர் இறந்தால் ஒரு தாய்க்கு ஓய்வூதியம், இன்னொரு தாய்க்கு இல்லை. வழக்கமான வீரரின் குடும்பத்துக்குள்ள பயன்களை அக்னிவீரர் குடும்பத்துக்கும் அளிக்கவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நிலைக்குழு பரிந்துரைத்தது. குழுவின் தலைவர் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கேள்விக்குக் கட்சி தடையாக இல்லை. திட்டம் வருவதற்கு முன் கேட்டிருக்க வேண்டியதை ஒன்றரை ஆண்டு கழித்துக் கேட்க நேர்ந்தது, அவ்வளவுதான்.

ஆள்சேர்ப்பை விட எனக்குக் கவலை தருவது பயிற்சி. ஆள்சேர்ப்பையாவது நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். பயிற்சி முகாமின் கேட்டுக்குள் பையன் நுழைந்துவிட்டால் என்ன நடக்கிறதென்று பெற்றவர்களுக்குத் தெரியாது. பதினேழரை வயதில் எடுக்கிறார்கள். ஏறத்தாழ ஆறு, ஏழு மாதத்தில் படைப்பிரிவுக்கு அனுப்புகிறார்கள். அது போதுமா போதாதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் 2024 அக்டோபரில் நாசிக்கில் பீரங்கிப் பயிற்சியின்போது குண்டு வெடித்து இரண்டு அக்னிவீரர்கள் இறந்தார்கள். இப்படி நேர்ந்தால் இராணுவமே விசாரிக்கும், அதுதான் நடைமுறை. அந்த விசாரணை நேர்மையாகவே இருக்கட்டும். பெற்றவனுக்கு அது வந்து சேருகிறதா?

நம் சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகம், புனே அருகில் கடக்வாஸ்லாவிலும் டேராடூனிலும் உள்ள கழகங்கள் ஆகியவற்றில் பயிற்சியின்போது அடிபட்டு ஊனமுற்று வெளியேற்றப்பட்ட கேடட்டுகள் 1985 முதல் சுமார் ஐந்நூறு பேர். அதிகாரியாகப் பதவியேற்குமுன் அடிபட்டவர்கள் என்பதால் முன்னாள் படைவீரர் அந்தஸ்து இல்லை. ஊனத்தின் அளவைப் பொறுத்து மாதம் 40,000 ரூபாய் வரை கருணைத்தொகை. முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவனுக்கு அந்தப் பணம் எந்த மூலைக்கு? பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாதக் கடைசியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்க்க அரசு ஒப்புக்கொண்டது. நாற்பது ஆண்டுகளாக நகராத கோப்பு இரண்டு வாரத்தில் நகர்ந்தது! வெளியிலிருந்து ஒருவர் கேட்டதன் பலன் அது. நீதிமன்றத்துக்கு முன்பே பாராளுமன்றம் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் டீப்கட் என்ற பயிற்சி முகாமில் 1995க்கும் 2002க்கும் இடையே நான்கு இளம் சிப்பாய்கள் துப்பாக்கிக் குண்டுக் காயத்தோடு இறந்து கிடந்தார்கள். தற்கொலை என்று இராணுவம் முடித்துக்கொண்டதைப் பெற்றோர் ஏற்கவில்லை. கடைசியில் பாராளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு பயிற்சி முகாம்களை ஆராய்ந்து 2005 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. பையன்களைக் கவனிக்கப் பயிற்சியாளர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை, புகார் சொல்லத் தனி அமைப்பு வேண்டும் என்று அதில் இருந்தது. 2008இல் புகார் ஆணையர் பதவி உண்டானது. ஜெர்மனியிலோ இன்னும் பழைய ஏற்பாடு. ஹிட்லர் காலத்துப் பாடத்தால், 1956இல் புதிய இராணுவம் அமைத்தபோதே பாராளுமன்றத்தின் சார்பில் ஓர் ஆணையரை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கடைநிலைச் சிப்பாய்கூட மேலதிகாரியைத் தாண்டி அவருக்கு நேரே கடிதம் எழுதலாம். அதனால் ஜெர்மன் இராணுவத்தின் கட்டுப்பாடு குலைந்துவிட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் ரயில்வேயிலேயே இருக்கிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பாதைப் பிரிவில் சேர்ந்து, கேங்மேன்களோடு வெயிலில் நடந்து கற்றவன் நான். மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றினோமென்றால், ஜல்லி கொட்டி, தண்டவாளம் போட்டு, நாங்களே பத்துத் தடவை அளந்து பார்த்திருப்போம். இருந்தாலும் பயணிகள் வண்டி ஓடாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் டிராலியில் வந்து பார்த்து ஒப்புதல் தந்தபிறகுதான் ஓடும். அவர் ரயில்வே வாரியத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாயிருக்கும். 1937இல் பீகாரில் பிஹ்டா என்ற இடத்தில் வண்டி கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதையொட்டி நடந்த ஆய்வில், வண்டி ஓட்டுகிறவனும் பரிசோதிக்கிறவனும் ஒரே எஜமானனுக்குக் கீழ் இருக்கலாகாது என்ற கருத்து வலுப்பட்டு, 1941இல் பிரித்துவிட்டார்கள். அவர் வரும் நாளில் எங்களுக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். பின்னால் முணுமுணுக்கவும் செய்வோம். ஆனால் அவர் வந்ததால் ரயில்வேயின் மானம் போயிற்று என்று ஒரு கேங்மேன்கூடச் சொன்னதில்லை. பாதைக்கு உள்ள இந்த ஏற்பாடு பையன்களுக்கு இருக்கக்கூடாதா?

நம் தீவுகளுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1969 தொடங்கி பத்துப் பதினோரு ஆண்டுகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களைப் பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரையிலிருந்து கொண்டுவந்து கிரேட் நிக்கோபாரில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். பட்டாளத்திலிருந்து திரும்புகிறவனுக்கு அரசு ஏதோ கடமைப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அன்றைக்கு இருந்தது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அக்னிவீரர்களுக்கு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் நான்கு ஆண்டு நிறைகிறது. மத்தியக் காவல் படைகளில் பத்து சதவிகித இடம் என்று 2022இல் சொன்னார்கள். சொன்னபடி எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும்.

திட்டம் செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. உச்ச நீதிமன்றமும் ஏப்ரலில் தலையிட மறுத்துவிட்டது. ஆகவே திட்டத்தை ரத்துசெய் என்று நான் கேட்கவில்லை. இளமையான படை வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. பையன்களை அனுப்பாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கடைக்கார நண்பரின் மகன் போகத்தான் போகிறான், ஆசீர்வாதம் செய்திருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். நம் தீவுகளுக்கு மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். அவர் மூலம் அவையில் கேள்வி கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுக்குப் பின் நிலைக்குழு பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கையை ஆராய்கிறது. அந்தச் சமயம் நம் மனு அங்கே இருக்கவேண்டும். அந்தமான் நிக்கோபாரிலிருந்து அக்னிவீரராகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பயிற்சியில் காயமுற்றவர்கள், இடையில் திரும்பியவர்கள் எத்தனை பேர், அந்த இருபத்தைந்து சதவிகிதத்தை எந்த அளவுகோலால் பொறுக்குகிறார்கள், பயிற்சி விபத்தின் விசாரணை முடிவைப் பெற்றோருக்குத் தருகிறார்களா என்று கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் அதை வைக்கிறேன். பிள்ளை பட்டாளத்தில் இருக்கும் குடும்பங்கள், எந்த மொழிக்காரராயிருந்தாலும், கையெழுத்திடலாம். இந்தியில் பெயர்த்துத் தரவும் வங்காளி நண்பர்களிடம் கொண்டுபோகவும் ஓர் அன்பர் தேவை. என் இந்தி ரயில்வே இந்தி, மனுவுக்கு உதவாது.