சிப்காட்டின் சுடுநீர்: அவசரகால ஷவர்களைச் சோதிப்பது யாருக்காக?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் ஆகிய ஊர்களைக் கடப்பவர்கள் சிப்காட் வளாகத்தின் நெடியை அறிவர். மருந்து, பூச்சிக்கொல்லி, சாயப்பொருள் ஆலைகள் நிறைந்த வளாகம் அது. 2021 மே 13 அன்று அங்குள்ள பூச்சிக்கொல்லி ஆலையொன்றில் நேர்ந்த விபத்தில் நான்கு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அத்தகைய பெருவிபத்துகள் செய்தியாகின்றன; இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. ஆனால் கையில் தெறிக்கும் அமிலமும் கண்ணில் படும் காரமும் செய்தியாவதில்லை. அவற்றுக்கு முதல் மருந்து மருத்துவமனையில் இல்லை. வேலையிடத்திலேயே உடனடியாகக் கிடைக்க வேண்டிய தண்ணீர்தான் அது.

அதற்காகவே அவசரகாலப் பாதுகாப்பு ஷவரும் கண் கழுவும் கருவியும் நிறுவப்படுகின்றன. இவற்றுக்கென ஐ.எஸ். 10592 என்னும் இந்தியத் தரநிலை 1982லேயே வந்துவிட்டது. உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரநிலையோ இன்னும் விரிவானது. ஆபத்துள்ள இடத்திலிருந்து பத்து நொடிகளுக்குள் ஷவரை அடைய முடிய வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 76 லிட்டர் வீதம் 15 நிமிடங்கள் தண்ணீர் கொட்ட வேண்டும். அதாவது ஒருவருக்கு 1,100 லிட்டருக்கும் மேல். அத்தண்ணீர் 16 முதல் 38 பாகை செல்சியசுக்குள் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

இந்த வெப்ப வரம்புக்குக் காரணம் உண்டு. தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தால், நடுக்கம் தாங்காமல் தொழிலாளி 15 நிமிடங்கள் முடியுமுன் வெளியேறிவிடுவார்; வேதிப்பொருள் தோலிலேயே தங்கிவிடும். மிகச் சூடாக இருந்தால் அது வேதிவினையை விரைவுபடுத்திப் புண்ணை ஆழமாக்கும். எனவே குளிர்நாட்டு ஆலைகளில் ஷவருக்கென வாட்டர் ஹீட்டர் வைக்கின்றனர். அதன் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியையும், சூடும் குளிரும் கலக்கும் வால்வையும், உள்ளே படியும் உப்பையும் தவறாமல் சோதிக்கின்றனர். கலக்கும் வால்வு பழுதானால், காப்பாற்ற வந்த தண்ணீரே கொப்புளம் எழுப்பும்.

கடலூரில் நிலைமை தலைகீழ். இங்கே வாட்டர் ஹீட்டர் வெயில்தான்! கோடையில் காற்றின் வெப்பமே 38 பாகையைத் தாண்டும் ஊரில், மூடாக்கற்ற இரும்புக் குழாயிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் தேங்கிய தண்ணீர் அதைவிடச் சுடும். இந்த ஹீட்டரை அணைக்கப் பொத்தான் இல்லை. தொட்டிக்கு நிழலும் குழாய்க்கு வெப்பக்காப்பு உறையும் தேவை. சூடேறிய நீரைத் தானே வெளியேற்றும் வால்வும் தேவை. வாரம் ஒருமுறை ஷவரைத் திறந்து, துருநீரை வெளியேற்றி, வெப்பமானியால் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். அதையும் காலை எட்டு மணிக்கு அளந்தால் பயனில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அளக்க வேண்டும்.

இது வெறும் பொறியியல் சிக்கல் அன்று. வேதிக்கலன் அருகே பளபளக்கும் ஷவர் இருக்கலாம். ஆனால் காலி டிரம்களைக் கழுவுபவரும், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குபவரும், மூட்டை சுமப்பவரும் அங்கிருந்து பத்து நொடித் தொலைவிலா நிற்கின்றனர்? தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் ஒதுக்கப்படும் வேலைகள் இவை. சேரியிலிருந்தும் மீனவர் குப்பத்திலிருந்தும் வருபவர்களிடமே இவை பெரும்பாலும் ஒப்படைக்கப்படுகின்றன. ஷவர் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதைப் பார்த்தால், யாருடைய உடல் கணக்கில் கொள்ளப்பட்டது என்பது விளங்கிவிடும். நனைந்த உடையை உடனே களைய மறைப்புத் திரை இல்லாத ஷவர் பெண் தொழிலாளியைக் கணக்கில் கொள்ளவே இல்லை.

போபாலுக்குப் பின், 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவை வலியுறுத்தியது. உடனடி ஆபத்தைக் குறித்து எச்சரிக்கும் உரிமையையும் தொழிலாளிக்கு அளித்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இந்த மாற்றத்தில் அவ்வுரிமைகள் தேய்ந்துவிடாமல் காப்பது நம் பொறுப்பு. 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அண்ணல் அம்பேத்கர், தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கருணையாகக் கருதவில்லை. சட்டத்தின் கடமையாகவே கண்டார்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. வாராந்திரச் சோதனைப் பதிவேடு ஷவரின் அருகிலேயே தமிழில் தொங்கவேண்டும். அதில் வெப்ப அளவும் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் பிரதிநிதியின் கையொப்பமின்றி அது செல்லாது. தொழிலகப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர்கள் மே மாத நண்பகலில் வந்து அளக்க வேண்டும்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயிலும் மாணவர்களும் இதைத் தங்கள் ஆய்வகத்திலிருந்தே தொடங்கலாம். நாளைக் காலை ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ஷவர் எங்கே, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று கேளுங்கள். அதே கேள்வியைச் சிப்காட்டின் வாயிற்கதவில் கேட்கும் துணிவு அங்கிருந்துதான் பிறக்கும்.