பூட்டு இல்லையென்றால் பொருள் நம்முடையதா?



பாங்கு சொன்னதும் கடையைப் பூட்டாமல் பள்ளிக்கு ஓடுகிறார் ஒரு வியாபாரி. அந்த நேரம் பார்த்து அவர் கல்லாவில் கை வைப்பவனை என்னவென்று அழைப்போம்? திருடன் என்போம். ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை 'கிராக்' செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொள்ளும்போது மட்டும், "எல்லோரும் செய்வதுதானே" என்கிறோம்!

இசை மற்றும் ஒலிப்பதிவு மென்பொருட்களில் இந்த நோய் முற்றிவிட்டது. இசை கூடுமா, கூடாதா என்பது தனி விவாதம். பயான் பதிவு செய்யவும், கடை விளம்பரத்துக்குக் குரல் பதியவும் இதே மென்பொருட்கள்தான் பயன்படுகின்றன. எனவே இது நம் பிரச்சினையும்தான்.

நிறுவனங்கள் மீது தவறே இல்லையா? உண்டு. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தனது கியூபேஸ் மென்பொருளுடன் 'டாங்கிள்' என்ற சாவியையும் கொடுத்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் வேலை நடக்கும். சாவி தொலைந்தால் தவித்தவர் யார்? காசு கொடுத்து வாங்கியவர்தான். பூட்டை உடைத்துப் பயன்படுத்தியவனுக்கு அந்தத் தொல்லையே இல்லை! கடைசியில் 2022ல் வெளியான கியூபேஸ் 12 முதல் நிறுவனமே அந்தச் சாவியைக் கைவிட்டது.

ஆனால் வியாபாரி கெடுபிடி செய்கிறான் என்பதற்காக அவன் சரக்கு நமக்கு ஹலாலாகிவிடுமா? நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகளே. அவற்றில் அத்துமீறக் கூடாது என்று 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

வியாபாரிகளே, நாட்டுச் சட்டத்தையும் கவனியுங்கள்! திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழில் லாபத்துக்காகப் பயன்படுத்தாதவர் என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடை நடத்துபவர் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியுமா?

"பணம் இல்லையே" என்கிறீர்களா? வழி இருக்கிறது. குரல் பதிவுக்கு ஆடாசிட்டி முற்றிலும் இலவசம். வின்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கெல் தொடங்கிய நிறுவனம் 'ரீப்பர்' என்ற மென்பொருளைத் தருகிறது. 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் 60 டாலர். கெடு முடிந்த பிறகும் அது பூட்டிக் கொள்வதில்லை. "பணம் கட்டுங்கள்" என்று நினைவூட்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் நமக்குச் சோதனை! அந்த 61ம் நாள் பூட்டும் இல்லை, போலீசும் இல்லை. பார்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஒன்று பணத்தைக் கட்ட வேண்டும். இல்லையேல் அதை நீக்க வேண்டும். அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஓதும் நாம் எதைச் செய்வோம்?

நமது நாணயம் அடுத்தவன் போடும் பூட்டைப் பொறுத்ததா? இன்றே உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். சிந்தியுங்கள் சகோதரர்களே!