ஏரியா, நெல் வயலா?



செயற்கைக்கோள் படங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு வகைப்படுத்தக் கற்கும் மாணவர்கள் பலர் யூரோசாட் தரவுத்தொகுப்பில்தான் கை பழகுகிறார்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்த 27,000 படத்துண்டுகள். காடு, ஆறு, நெடுஞ்சாலை என 10 வகைகள். இலவசமாகக் கிடைப்பது பெரிய வரம்தான். ஆனால் அத்தனையும் ஐரோப்பிய நிலம். நெல் வயல் என்றொரு வகையே அதில் கிடையாது.

அந்தப் படங்களில் 98 சதவீதத்துக்கும் மேல் துல்லியம் காட்டிய மாதிரியைத் தஞ்சாவூர்ப் படத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலை அது ஏரி என்று சொல்லிவிடக்கூடும். சில வாரம் கழித்து எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்படும்: ஏரி நீராகவே இருக்கும், வயல் பச்சை கட்டியிருக்கும். இந்த ஒப்பீட்டைச் செய்யத் தோன்ற, நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது; அந்த ஊரின் நடவுக் காலமும் தெரிய வேண்டும்.

சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். வரப்பு அதில் தெரியாது. வரப்பில் நின்று ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து, பயிரை எழுதிவரும் மாணவரே மாதிரியின் பிழையைப் பிடிப்பார்.

கல்லூரிகள் இந்தக் களப்பணிக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகர்