துறவி குறித்த எண்



147,573,952,589,676,412,927. இருபத்தொரு இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணைச் சற்று உற்று நோக்குங்கள். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது. இது பகா எண்ணா, அன்றா?

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாததே பகா எண். மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7, ஐந்தாயின் 31, ஏழாயின் 127. மூன்றும் பகா எண்களே. பதினொன்றாயின் 2,047 வருகிறது. அதுவோ 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். ஆகவே இவ்வழி எப்போதும் பகா எண்ணையே தரும் என்று நம்பிவிட இயலாது.

பாரீசு மாநகரில் வாழ்ந்த மரீன் மெர்சேன் (1588–1648) மினிம் சபைத் துறவி. தெக்கார்த், பெர்மா போன்ற பேரறிஞர்களுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். 257 இரண்டுகள் வரை பெருக்கினால் எவ்வெவை பகா எண்களைத் தரும் என்று 1644-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67-உம் இருந்தது. இத்துணைப் பெரிய எண்ணைச் சோதித்து முடிக்க அக்காலத்தில் வழியில்லை. எனவே அவர் சொல் நெடுங்காலம் நிலைத்தது.

1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா, இது பகா எண் அன்று என நிறுவினார். ஆயினும் இதன் காரணிகளை அவர் காணவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டினார் என்பர்:

193,707,721 × 761,838,257,287.

விடை அதே எண்! இதற்காக மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அவர் செலவிட்டாராம்.

வீட்டிலுள்ள சிறுவரும் இதை ஓரளவு சோதிக்கலாம். ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டுங்கள். காரணிகளுக்கு 37, 64. பெரிய எண்ணுக்கு 109. மீண்டும் மீண்டும் கூட்டினால் மூன்றும் 1-இல் முடியும். ஒன்றை ஒன்றால் பெருக்கினாலும் ஒன்றே. பொருந்தாவிடில் கணக்கு பிழை. பொருந்திவிட்டால் மட்டும் சரியென்று உறுதியாகாது. உறுதி வேண்டுவோர் முழுவதையும் பெருக்கியே பார்க்க வேண்டும்.

துறவியின் பட்டியலில் 67, 257 இரண்டும் தவறாகச் சேர்ந்தவை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. எனினும் இவ்வகைப் பகா எண்கள் இன்றும் 'மெர்சேன் பகா எண்கள்' என்றே அழைக்கப்படுகின்றன. 2024-இல் கண்டறியப்பட்ட ஒன்று நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது.

பெரியோர் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது. மெர்சேன் தேடிய உண்மையையே அவருக்குப் பின்வந்தோரும் தேடினர். பிழை திருத்தப்பட்டது, பெயரோ நிலைத்தது.