கொற்றவையின் மரக்காலும் எங்கள் குதிகாலும்

குதிகால் உயர்ந்த செருப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டே வகைதான் தேறும். ஒன்று நகைச்சுவைத் துணுக்கு, மற்றொன்று மருத்துவக் குறிப்பு. துணுக்கில் ஹீல்ஸ் அணிந்த பெண் தடுக்கி விழுவாள். குறிப்பில் அவளுக்கு இடுப்புவலி வரும். எப்படியாயினும் அவள் கீழே விழுந்தாக வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அணிந்தவர் ஆணாக இருந்துவிட்டாலோ துணுக்கும் தேவையில்லை, குறிப்பும் தேவையில்லை. ஒரு சிரிப்பு போதும்.

இதை எழுதும் எங்களுள் ஹீல்ஸை விரும்பி அணியும் பெண்களும் உண்டு, ஆண்களும் உண்டு. ஒருநாளும் அணியாதவர்களும் உண்டு. அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, எங்கள் நண்பர் ஒருவரின் காலைப் பார்த்துவிட்டு, பெயர் சொன்னால் நீங்கள் அறியக்கூடிய ஒரு விமர்சகர் கேட்டார்: “செருப்பே போட விடாமல் மக்களை அடித்த ஊரய்யா இது, இங்கே வந்து குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பது அற்பமாக இல்லையா?” கேள்வியின் முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் நிலத்திலிருந்து தொடங்குகிறோம். மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் சிங்கத்தின் மேல் அமர்ந்து போர்புரியும் தேவியைப் பார்க்கத் தவறுவதில்லை. சற்றுத் தள்ளி, மும்மூர்த்தி மண்டபத்தை ஒட்டிய பாறையில் எருமைத்தலையின்மீது அமைதியாக நின்றுகொண்டிருப்பவளை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. போர் முடிந்துவிட்டது, பகைவனின் தலையே அவளுக்குப் பீடம். இந்தத் தேவிக்குத் தமிழில் ஓர் ஆடலும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை பதினோராடல்களைச் சொல்லும்போது அவற்றுள் ஒன்றாக மரக்காலைச் சொல்கிறது. அவுணர்கள் பாம்பும் தேளுமாக உருமாறி வந்தார்கள்; கொற்றவை மரத்தாலான கால்களைக் கட்டிக்கொண்டு அவற்றை மிதித்து ஆடினாள். அந்த ஆடலையும் மற்றப் பத்தையும் ஆடிக் காட்டியவள் மாதவி, மனித உடல் கொண்ட ஒரு பெண்.

தரையிலிருந்து பாதத்தை உயர்த்தி நிற்பது மேற்கிலிருந்து இறக்குமதியான சீரழிவு என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்? மரக்கால் வேறு, ஹீல்ஸ் வேறு என்பார்கள். வேறுதான். கொற்றவை கட்டியது கட்டைக்கால், கடையில் கிடைப்பது பாதணி. ஆனால் உயர்த்திக்கொள்ளும் ஆசையும், உயர்ந்தபின் சமநிலை தவறாமல் அடியெடுத்து வைக்கும் பயிற்சியும், அதைப் பார்க்கிறவருக்கு உண்டாகும் வியப்பும் வேறல்ல. அதே பட்டியலில் காமன் ஆடிய பேடியாடலும் இருக்கிறது. ஆண்மை திரிந்த பெண்கோலத்தில் ஒரு தெய்வம் ஆடியதை இளங்கோ பதினோராடலுள் ஒன்றாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பாடமாக நடத்தும் பேராசிரியர்கள்தாம், ஓர் இளைஞன் இரண்டு அங்குலக் குதியில் நடந்துவந்தால் வகுப்பு முடியும்வரை சிரிக்கிறார்கள்.

பொய்க்கால் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கலை. இன்று தமிழகம் முழுவதும் தெரியும். அரசனாக ஓர் ஆணும் அரசியாக ஒரு பெண்ணும் மரக்கால்களைக் கட்டி, இடுப்பில் குதிரைக்கூட்டை மாட்டிக்கொண்டு, மேளத்துக்கு ஏற்ப ஆடுவார்கள். கட்டைக்காலில் அசையாமல் நிற்பது ஆடுவதைவிடக் கடினம். நின்றால் சாய்ந்துவிடும், ஆகவே மேளம் ஓய்ந்த இடைவெளியிலும் ஆடுபவர் கால் மாற்றி மிதித்துக்கொண்டே இருப்பார். ஹீல்ஸ் அணிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் எவருக்கும் இந்த மிதி தெரியும். ஆணும் பெண்ணும் இணையாக உயர்ந்து நிற்கும் ஒரு கலையைக் கோயில் திருவிழாவில் வைத்துப் பரம்பரையாகக் கைதட்டிய ஊர், அதே இருவரும் தெருவில் உயர்ந்து நடந்தால் ஏன் முகம் சுளிக்கிறது? மேடையில் அது கலை, தெருவில் அது திமிர். இந்தக் கோட்டை யார் போட்டது என்பதே எங்கள் கேள்வி.

‘உயர்ந்த பாதணி பெண்ணுக்கானது’ என்பதும் வரலாறு தெரியாத பேச்சு. நம் துறவிகளின் பாதக்குறட்டைப் பாருங்கள். முன்னும் பின்னும் கட்டை வைத்து உயர்த்திய மிதியடி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு குமிழ். அதில் நடப்பது எளிதன்று. எங்கள் பக்கத்துக் காஞ்சிபுரத்தின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகையைப் பற்றி மட்டுமே 1008 சுலோகங்கள் பாடினார். ஆண் தெய்வத்தின், ஆண் துறவியின் உயர்ந்த பாதணி வழிபாட்டுக்குரியது. ஐரோப்பாவிலும் குதிகாலின் பூர்வீகம் ஆண்தான். குதிரையின் அங்கவடியில் பாதம் வழுக்காமல் இருக்கப் பாரசீகக் குதிரைவீரர்கள் குதி வைத்த காலணி அணிந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பியப் பிரபுக்களின் காலுக்கு வந்தது. பிரான்சின் பதினான்காம் லூயியை 1701இல் ரிகோ வரைந்த ஓவியத்தில் மன்னரின் சிவப்புக் குதிகளைப் பார்க்கலாம். அரசவையில் இடம் பெற்றவர்களே அந்தச் சிவப்பை அணியலாம். அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பிய ஆண்கள் குதியைக் கைவிட்டார்கள். பகுத்தறிவு ஆணுக்கு, அலங்காரம் பெண்ணுக்கு என்று அப்போது ஒரு பங்கீடு நடந்தது. அந்தப் பங்கீட்டைத்தான் நம் கலாச்சாரக் காவலர்கள் தமிழ்ப்பண்பாடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு தொலைவுகூடப் போகவேண்டாம். 1970களில் எடுத்த குடும்பக் கல்யாண ஆல்பங்களைத் திறந்து பார்க்கட்டும். பெல்பாட்டத்தின் அடியில் சித்தப்பாக்களின் காலணிக்கு எத்தனை அங்குலம் குதி இருந்தது என்பது கறுப்பு வெள்ளையில் பதிவாகியிருக்கும்.

இனி விமர்சகரின் கேள்விக்கு வருகிறோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. விதித்தவர்கள் கள்ளர்கள். ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய நூலில் அந்தப் பட்டியலைக் காணலாம். பொன் நகையும் வெள்ளி நகையும் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தக் கூடாது. சட்டை போடக் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடலை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

இந்தப் பட்டியலை மறுபடியும் படியுங்கள். பூ, ரவிக்கை, கிராப்பு, நகை, குடை, செருப்பு. இவற்றை அற்பம் என்று சொல்லுகிறவர் இலக்கிய விமர்சகர். பட்டியலை எழுதியவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு மனிதன் தன் உடலைத் தன் விருப்பப்படி ஒப்பனை செய்துகொள்ளத் தொடங்கினால் அடுத்து என்ன கேட்பான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. செருப்பு காலைக் காக்கும் தேவைப்பொருள், ஹீல்ஸ் வெறும் ஆடம்பரம் என்று பிரித்துப் பேசுவோர், பூவை எந்தப் பக்கம் வைப்பார்கள்? தேவைக்கு மட்டும் உரிமை உண்டு, ஆசைக்கு இல்லை என்பது கொடையாளியின் மொழி. உரிமை கேட்பவர் அந்த மொழியில் பேசவேண்டிய அவசியமில்லை.

அதே சமயம், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடக்கவேண்டியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் முதல் சம்பளத்தில் வாங்கும் ஹீல்ஸும், வேறு வீட்டுப் பிள்ளைகள் நான்காவது ஜோடியாக வாங்கும் ஹீல்ஸும் ஒன்றல்ல. எங்கள் மாவட்டத்திலேயே ஒரு ஊருக்குத் தோல் பதனிடும் ஆலையின் பெயர்தான் பெயர்: குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியை வைத்து வந்தது அது. அடுத்துள்ள பல்லாவரத்தின் தோல்கிடங்குகளில் யார் உழைத்தார்கள், அந்த நாற்றத்தைச் சொல்லி யாரை விலக்கினார்கள் என்பதை நாங்கள் மறந்துவிட்டுப் பேசவில்லை. தோலைத் தொட்டவரைத் தீட்டென்றது, தோலை அணிந்தவரைத் திமிரென்றது, இரண்டும் ஒரே வாய்தான்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட மதிப்புக்குரியது. பெண்ணியத் தோழிகளிடமிருந்து வருவது. 1929 பிப்ரவரியில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு நடந்தது எங்கள் செங்கல்பட்டில்தான். சௌந்தரபாண்டியன் தலைமை வகித்த அந்த மாநாடு சாதிப்பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த மரபில் வந்தவர்கள் கேட்கிறார்கள்: கூந்தலைக் கத்தரியுங்கள், நகையைக் கழற்றுங்கள், ஆண்களைப் போல எளிதாக உடுத்துங்கள் என்று பெரியார் சொன்ன பிறகும் ஓடமுடியாத செருப்பையா மாட்டிக்கொள்வீர்கள்?

கேள்வியில் நியாயமிருக்கிறது. குதி உயர உயர உடல் எடை பாதத்தின் முன்பகுதிக்கு நகர்கிறது, விரல்கள் நெரிபடுகின்றன, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அணிந்தால் கெண்டைக்கால் தசை சுருங்குகிறது. எங்களுள் அணிகிறவர்கள் இதை உடம்பாலேயே அறிந்தவர்கள். பரதநாட்டியக் கலைஞரின் முழங்காலும் தேய்கிறது; ஆயினும் ஆடாதே என்று யாரும் அறிவுரை சொல்வதில்லை. ஏனென்றால் அவர் விரும்பி ஆடுகிறார். விரும்பி என்ற சொல்தான் இங்கே முக்கியம்.

விருப்பமில்லாதவருக்கு அதே செருப்பு விலங்கு. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் விடுதிகளிலும் திருமண அரங்குகளிலும் வரவேற்புக்கு நிற்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை, வந்து சாப்பிட்டுப் போகும்வரை, பன்னீர் தெளித்தபடி அல்லது வெறுமனே சிரித்தபடி நிற்கிறார்கள். உடையும் செருப்பும் அவர்கள் தேர்ந்தவை அல்ல. 2015இல் இலண்டனில் நிக்கோலா தார்ப் என்ற வரவேற்பாளர் தட்டைச் செருப்பு அணிந்து வந்ததற்காக முதல் நாளே சம்பளமின்றித் திருப்பியனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர், 2017இல் பாராளுமன்றம் விவாதித்தது, சட்டம் மாறவில்லை. அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் அரசு, பெண் ஊழியர்களை ஹீல்ஸ் அணியக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று ஆணையிட்டது. 2019இல் ஜப்பானில் யூமி இஷிகாவா தொடங்கிய இயக்கமும் இதே கட்டாயத்துக்கு எதிரானது. ஹீல்ஸை ஒழிக்கவேண்டும் என்றல்ல, அதை வேலைக்கான நிபந்தனை ஆக்காதீர்கள் என்றே தார்ப்பும் இஷிகாவாவும் கேட்டார்கள்.

தமிழகத்தில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு ஊழியர்களுக்கு அமர இருக்கை தரவேண்டும் என்று விதி வந்தது. துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்ற பெண்களின் வலி சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்த அரிய தருணம் அது. ஆனால் நிற்கும்போது காலில் என்ன இருக்கவேண்டும், அதை முடிவு செய்பவர் யார் என்பதைப் பற்றி அந்தத் திருத்தம் ஒன்றும் பேசவில்லை. அது பேசவேண்டும். விடுதிக்காரர்களும் அரங்குக்காரர்களும் வரவேற்புப் பெண்ணின் பணி விதிகளிலிருந்து குதியின் உயரத்தை நீக்கட்டும். அப்பெண் தட்டைச் செருப்பில் வந்து நின்றாலும் விருந்தினர் உள்ளே வரத்தான் போகிறார்கள். அதே அரங்கில் விருந்தினராக வரும் ஓர் ஆண் குதி உயர்ந்த காலணியில் வந்தால் வாயிற்காவலர் வழிமறிக்காமல் இருக்கட்டும். எங்கள் நண்பருக்கு நேர்ந்தது அது. எந்த அரங்கு என்பது இங்கே முக்கியமில்லை.

ஒரே வாசலில் ஒருத்திக்குக் கட்டாயம், ஒருவனுக்குத் தடை. இரண்டையும் விதிப்பது ஒரே நிர்வாகம். இதைக் காணாத பெண்ணியமும் அரைகுறை, இதைக் காணாத ஆண்களின் ‘விருப்பச் சுதந்திர’ வாதமும் அரைகுறை. எங்கள் குழுவில் ஹீல்ஸ் அணியும் ஆண்கள், அதை வெறுத்தும் சம்பளத்துக்காக அணியும் பெண்களின் பக்கம் நின்று முதலில் பேசவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். சிரிப்புக்கு ஆளாகும் எவருக்கும் கட்டாயத்துக்கு ஆளாகிறவரின் நிலை ஓரளவேனும் புரியும்.

கடைசியாக, ‘கடற்கரை மணலில் இதை மாட்டிக்கொண்டு எப்படி நடப்பீர்கள்?’ என்று அதே தேநீர்ப் பேச்சில் இன்னொருவர் கேட்டார். ஊசிக்குதி புதையும், எடை முழுவதும் ஒரு நாணய அளவு பரப்பில் இறங்குவதால் மணல் தாங்காது. பாதம் முழுதும் அடியில் கட்டை வைத்த செருப்பு அவ்வளவாகப் புதையாது. கடற்கோயில் பக்கம் மணல் ஆழமாக இருக்கும் இடத்தில் எல்லோரையும் போலக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறோம். அப்படிக் கையில் பிடிக்கச் சொல்லி அங்கே யாரும் எங்களை அடிப்பதில்லை. வேண்டும்போது மறுபடி மாட்டிக்கொள்கிறோம்.