பூகோள உருண்டையை வெளியே எடுங்கள்!

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் தெரியும். அங்கே பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒரு நாள் ஒரு கணக்கோடு வந்தான்.

“சார், லண்டன் விமானம் காலை 5.30-க்குக் கிளம்பி 11 மணிக்குப் போய்ச் சேருகிறது. தூரம் 8,200 கி.மீ. அப்படியானால் வேகம் மணிக்கு 1,490 கி.மீ. சரிதானே?”

நாம் பேசும் ஒலியே காற்றில் மணிக்குச் சுமார் 1,230 கி.மீ. வேகத்தில்தான் செல்கிறது! அவன் வகுத்தது சரி, பிழை வேறிடத்தில். 5.30 என்பது சென்னை நேரம். 11 என்பது லண்டன் நேரம். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். அதையும் கூட்டினால் பயண நேரம் 11 மணி; சராசரி வேகம் சுமார் 745 கி.மீ.

“அது போகட்டும், 8,200 கி.மீ. என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். கைப்பேசியைக் காட்டினான்.

மாணவ நண்பர்களே, என் குறை இதுதான். தூரத்தை நாமே கொடுத்துவிட்டு வேகத்தை மட்டும் கேட்கிறோம். நானும் வகுப்பில் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். விடை கைக்கு எளிதில் கிடைக்கிறது. அது எப்படி வந்தது என்பது மறைந்துபோகிறது. தவறான விடை வந்தாலும் நம்மால் கண்டுகொள்ள முடிவதில்லை.

அளப்பது கடினமா? 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையை எடுங்கள். அதன் சுற்றளவு 94.2 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே 1 செ.மீ. என்பது 425 கி.மீ. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். ஏறத்தாழ 19.4 செ.மீ. வரும், அதாவது சுமார் 8,250 கி.மீ.!

நூல் போகும் வழியையும் கவனியுங்கள். அதன் நடுப்பகுதி காஸ்பியன் கடல்மேல் கிடக்கும். மெர்க்கேட்டர் முறையில் வரைந்த தட்டைப் படத்தில் கோடு போட்டாலோ, அது பாரசீக வளைகுடாப் பக்கமாகப் போகும். அந்தக் கோட்டின் வழியே பறந்தால் 250 கி.மீ. கூடுதல். வளைந்த பூமியைத் தட்டையாக்கியதன் விளைவு அது. காற்றுக்காகவும், மூடப்பட்ட வான்வெளிக்காகவும் விமானிகள் வழியைச் சற்று மாற்றுவதும் உண்டு. மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று தள்ளிவிடுவதால், திரும்பி வரும்போது நேரம் குறைகிறது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1802-இல் வில்லியம் லாம்டன் தம் புகழ்பெற்ற நில அளவைக்கு அடிக்கோடு அளந்தது நம் பரங்கிமலை அருகில்தான். 100 அடி எஃகுச் சங்கிலியைச் சுமார் 400 முறை நீட்டி, 12 கி.மீ. அளந்தார். வெப்பத்தால் சங்கிலி நீளுமே என்று வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார். இன்று அந்த மலையடிவாரத்திலேயே விமானங்கள் இறங்குகின்றன.

பாடத்திட்டத்தில் இதற்கு நேரமில்லை என்பார்கள். ஒரு பாடவேளை போதும். ஒரு நூலும் ஓர் அளவுகோலும் போதும். பல பள்ளிகளில் பூகோள உருண்டை அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஆசிரியரிடம் சாவி கேளுங்கள். முதலில் சிங்கப்பூரை அளந்து பாருங்கள். கைப்பேசியைப் பிறகு பார்க்கலாம்.